அகிலமும் மொழிபெயர்ப்பும்: 1921ஆம் ஆண்டுத் தீர்மானத்தை முன்வைத்து

1

சர்வதேசப் புரட்சி இயக்கம் ஒன்றை எப்படிக் கட்டுவது, எப்படி வளர்ப்பது என்று பேச்சை எடுத்தாலே நம் தோழர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். லெனின் காலத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, பின்னால் வந்தவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்பது ஒரு தரப்பு. மையம், கட்டுப்பாடு, கட்சி என்ற சொற்களிலேயே கோளாறு இருக்கிறது, ஆகவே அகிலம் என்ற கனவையே விட்டுவிடலாம் என்பது இன்னொரு தரப்பு. 1991க்குப் பிறகு இந்த இரண்டாவது தரப்புக்குக் கூட்டம் அதிகம். இரண்டு தரப்பும் ஒரு காரியத்தை மட்டும் செய்வதில்லை. மூன்றாம் அகிலம் தன்னைப் பற்றி எழுதிவைத்த பிரதிகளை எடுத்து உட்கார்ந்து படிப்பதில்லை.

அப்படிப்பட்ட ஒரு பிரதியை இங்கே எடுத்துக்கொள்கிறேன். 1921 ஜூன், ஜூலை மாதங்களில் மாஸ்கோவில் கூடிய மூன்றாவது மாநாடு நிறைவேற்றிய தீர்மானம் அது. கம்யூனிஸ்ட் கட்சிகளின் அமைப்பு முறை, வேலைமுறை, வேலையின் உள்ளடக்கம் ஆகியவை பற்றியது. ஒவ்வொரு உறுப்பினருக்கும் அன்றாட வேலை இருக்கவேண்டும், தொழிற்சாலையிலும் தொழிற்சங்கத்திலும் கட்சிக் கருக்கள் இயங்கவேண்டும், கீழிருந்து மேலுக்கு அறிக்கை போகவேண்டும், பத்திரிகையை எப்படி நடத்துவது, சட்டபூர்வ வேலையையும் தலைமறைவு வேலையையும் எப்படி இணைப்பது, ஜனநாயக மத்தியத்துவம் என்றால் என்ன என்று விலாவாரியாகச் சொல்லும் ஐம்பதுக்கும் மேற்பட்ட பத்திகள். 'கட்சி கட்டுவது எப்படி' என்று நம்மூரில் பிற்பாடு வந்த அத்தனை கையேடுகளுக்கும் இது ஒரு வகையில் முதல்நூல்.

இந்த முதல்நூலைப் பற்றி முதலில் கடுமையாக விமர்சித்தவர் யார்? லெனின்தான். 1922 நவம்பர் 13 அன்று நான்காவது மாநாட்டில் அவர் பேசினார். அகிலத்தின் மாநாடுகளில் அவர் ஆற்றிய கடைசிப் பேச்சு அது. அந்த ஆண்டு மே மாதம் பக்கவாதத்தால் தாக்கப்பட்டு ஓரளவு தேறியிருந்த நேரம். தீர்மானம் அருமையானது, ஆனால் ஏறத்தாழ முழுக்க முழுக்க ருஷ்யத்தனமானது என்று போட்டு உடைத்தார். அவர் சொன்னதன் சாரம் இது: முதலாவது, அது ரொம்ப நீளம், வெளிநாட்டுக்காரர் யாரும் படிக்கமாட்டார். இரண்டாவது, படித்தாலும் புரியாது. மூன்றாவது, அபூர்வமாக ஒருவருக்குப் புரிந்தாலும் அவரால் அதைச் செயல்படுத்த முடியாது. இந்தத் தீர்மானத்தால் நம் வழியை நாமே அடைத்துக்கொண்டோம் என்றும் சொன்னார். சுவர் மூலையில் சாமி படத்தை மாட்டிக் கும்பிடுவதுபோல் இதை மாட்டிவைத்துக் கும்பிட்டால் ஆகாது என்றும் எச்சரித்தார்.

இதைச் சொல்வதற்கு முன் தீர்மானத்தை மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்தேன் என்றும் அவர் குறிப்பிட்டார். தாங்கள் கையைத் தூக்கி நிறைவேற்றிய ஒன்றை மறுபடி எடுத்துப் படித்துப் பார்க்கிற தலைவர்கள் அதற்குப் பிறகு அதிகம் வரவில்லை.

2

தீர்மானம் ருஷ்ய மொழியில் இருந்ததால் வெளிநாட்டாருக்குப் புரியவில்லை என்று லெனின் சொல்லவில்லை. எல்லா மொழிகளிலும் நன்றாகவே மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது என்கிறார். இன்னும் சொல்லப்போனால், இதன் மூல வரைவை எழுதிய ஆட்டோ கூசினன் ருஷ்யர் அல்ல, பின்லாந்துக்காரர். ஜெர்மன் வாசகம் சரியாக அமைய அசல் ஜெர்மன் தோழர் ஒருவரை வைத்துத் திருத்தவேண்டும் என்று கூசினனுக்கு எழுதியவரே லெனின்தான். மாநாட்டில் இதை முன்மொழிந்து பேசியவர் வில்ஹெல்ம் கோனன் என்ற ஜெர்மானியர். தீர்மானம் ருஷ்யத்தனமானது என்று லெனின் பேசிய அந்தப் பேச்சும் ஜெர்மன் மொழியில் பேசப்பட்டதுதான்.

ஆக, ஒரு பின்லாந்துக்காரர் வரைந்து, ஜெர்மானியர் செம்மைப்படுத்தி, ஜெர்மானியரே முன்மொழிந்த பிரதி முழுக்க ருஷ்யத்தனமாக இருக்கிறது. இது எப்படி? சொற்கள் மொழி மாறிவிட்டன, அனுபவம் மாறவில்லை என்பதுதான் விஷயம். ஜாரின் போலீஸ், நாடுகடத்தல், சைபீரியா, பாராளுமன்ற மரபோ பெரிய சட்டபூர்வத் தொழிற்சங்க மரபோ வேர்விடாத சமூகம் - இவற்றுக்கு நடுவே இருபது ஆண்டுகளில் ஒரு கட்சி தன் தேவைக்காக உருவாக்கிக்கொண்ட பழக்கங்கள் தீர்மானத்தில் எங்கும் பொருந்தக்கூடிய விதிகளாக எழுதப்பட்டிருக்கின்றன. அவை பிறந்த நிலைமை பிரதியிலிருந்து கழன்று விழுந்துவிட்டது.

இது லெனினுக்குத் தெரிந்திருந்தது. எல்லாமே ருஷ்ய அனுபவத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதே அதன் நல்ல அம்சம், அதுவே குறையும்கூட என்கிறார். நம் விமர்சகர்கள் பலர் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். ருஷ்ய அனுபவம் வேண்டவே வேண்டாம் என்றால் மிஞ்சுவது வெறும் நல்லெண்ணம். ருஷ்ய அனுபவம் மட்டும் போதும் என்றால் மிஞ்சுவது சாமி படம்.

3

மையப்படுத்தலை எதிர்த்து எழுதுவது இன்றைக்கு ரொம்பச் சுலபம். ஆகவே எதிர்த்தரப்பு நியாயத்தை முதலில் சொல்லியாகவேண்டும். 1920இல் இரண்டாவது மாநாடு 21 நிபந்தனைகளை விதித்தது. அகிலத்தில் சேரும் கட்சிகள் சீர்திருத்தவாதிகளைப் பொறுப்புகளிலிருந்து நீக்கவேண்டும், தலைமறைவு அமைப்பும் வைத்திருக்கவேண்டும், ராணுவக் கட்டுப்பாட்டை ஒட்டிய கட்டுப்பாடு வேண்டும், அகிலத்தின் மாநாடும் செயற்குழுவும் எடுக்கும் முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்தும், கட்சியின் பெயர் இன்ன நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சி என்று மாறவேண்டும் என்றெல்லாம் அது நிர்ப்பந்தித்தது. இதைப் படித்தவுடன் 'பாருங்கள், சர்வாதிகாரத்தின் விதை' என்று விரலை நீட்டிவிடலாம்.

ஆனா 1914 ஆகஸ்ட் 4ஐ மறந்துவிட்டுத்தான் அப்படி நீட்டமுடியும். 1912இல் பாசெல் நகரில் கூடிய இரண்டாம் அகிலம் யுத்தத்தைத் தடுப்போம் என்று தீர்மானம் போட்டது. இரண்டே ஆண்டில், அதன் மிகப்பெரிய கட்சியான ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி நாடாளுமன்றத்தில் யுத்தக் கடனுக்கு ஆதரவாக வாக்களித்தது. பிரெஞ்சுக் கட்சியும் அதே வழியில் போனது. தீர்மானம் ஒருபக்கம், தொழிலாளிகள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டது மறுபக்கம். யாரையும் கட்டுப்படுத்தாத அகிலம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. 21 நிபந்தனைகளின் இரும்புத்தன்மை அந்தத் துரோகத்துக்கான பதில்.

இன்னொன்று. எட்டாவது நிபந்தனை, காலனிகளை வைத்திருக்கும் நாடுகளின் கட்சிகள் தம் சொந்த ஏகாதிபத்தியவாதிகளை அம்பலப்படுத்தவேண்டும், காலனி மக்களின் விடுதலை இயக்கத்தைப் பேச்சில் அல்லாமல் செயலில் ஆதரிக்கவேண்டும் என்றது. ஐரோப்பிய சோஷலிசம் தானாக வந்து செய்யாத காரியம் இது. காலனிப் பிரச்சினை பற்றிய லெனினின் ஆய்வுரையைப் படித்துவிட்டுத்தான், பிற்காலத்தில் ஹோ சி மின் ஆன வியட்நாமிய இளைஞர், 1920 டிசம்பரில் தூர் மாநாட்டில் மூன்றாம் அகிலத்தின் பக்கம் நின்றார். மையத்தின் அதிகாரம் விளிம்பில் இருப்பவனுக்குச் சிலசமயம் ஆயுதமாகவும் இருந்தது. மையம் என்றாலே வன்முறை என்று வாய்பாடு ஒப்பிக்கும் நண்பர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று கடக்கவேண்டும்.

விலையும் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. 1921 ஜனவரியில் லிவோர்னோவில் இத்தாலிய சோஷலிஸ்ட் கட்சி பிளந்தது. உடனடியாகப் பிரியவேண்டும் என்ற கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்த வாக்கு ஏறத்தாழ 58,000. அகிலத்தை ஏற்கிறோம், ஆனால் எங்கள் கட்சியை எப்போது எப்படிச் சுத்தப்படுத்துவது என்பதை நாங்கள் முடிவு செய்கிறோம் என்ற செர்ராட்டி அணிக்கு ஏறத்தாழ 98,000. எந்தச் சீர்திருத்தவாதிகளை வெளியேற்ற இவ்வளவு பாடுபட்டார்களோ அவர்களுக்கு 15,000கூட இல்லை. அந்தச் சிறுபான்மையை வெட்டப்போய்ப் பெரும்பான்மையை வெளியே விட்டார்கள். 1922 அக்டோபர் இறுதியில் முசோலினி பிரதமரானான். லெனின் அந்த நவம்பர்ப் பேச்சைப் பேசியபோது அது நடந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

4

லெனினின் விமர்சனத்துக்குப் பிறகு என்ன ஆனது? நியாயப்படி அந்தத் தீர்மானத்தை ஒவ்வொரு கட்சியும் தன் நாட்டு அனுபவத்தில் உரைத்துப் பார்த்துத் திருத்தி எழுதியிருக்கவேண்டும். நடந்தது நேர்மாறு. 1924 ஜனவரியில் லெனின் இறந்தார். அந்த ஆண்டு கோடையில் கூடிய ஐந்தாவது மாநாடு கட்சிகளைப் 'போல்ஷ்விக்மயமாக்குவது' என்ற கோஷத்தை வைத்தது. எது ரொம்ப ருஷ்யத்தனம் என்று சொல்லப்பட்டதோ அதுவே லட்சியமாயிற்று.

மாநாடுகளின் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தாலே பாதிக் கதை விளங்கிவிடும். 1919, 1920, 1921, 1922. உள்நாட்டு யுத்தம், பஞ்சம், முற்றுகை எல்லாவற்றுக்கும் நடுவில் ஆண்டுக்கு ஒன்று. பிறகு 1924. பிறகு நான்கு ஆண்டு கழித்து 1928. பிறகு ஏழாண்டு கழித்து 1935. அவ்வளவுதான். 1943இல் அகிலம் கலைக்கப்பட்டபோது அதற்காக மாநாடு எதுவும் கூட்டப்படவில்லை, தலைமைக்குழு முன்மொழிந்தது, கட்சிகள் ஒப்புதல் அனுப்பின. கூடிப் பேசுவது குறையக் குறையச் சுற்றறிக்கை கூடியது. மேலே அறிக்கை போகும், கீழே முடிவு வரும். மேலே போன அறிக்கையால் மேலே எடுத்த முடிவு மாறியதா என்று கேட்க இடமில்லை.

இதன் விளைவை ஜெர்மனியில் பார்க்கலாம். 1928இல் ஆறாவது மாநாட்டையொட்டி வந்த 'மூன்றாம் கட்டம்' என்ற கணிப்பு, சமூக ஜனநாயகவாதிகளைச் சமூகப் பாசிஸ்டுகள் என்று வரையறுத்து அவர்களையே முதல் எதிரியாக்கியது. 1932 நவம்பர்த் தேர்தலில் நாஜிகள் வாங்கியது 33.1 சதவீதம். சமூக ஜனநாயகக் கட்சிக்கு 20.4, கம்யூனிஸ்ட் கட்சிக்கு 16.9. கூட்டினால் 37.3. வாக்குக் கணக்கை வைத்து மட்டும் ஹிட்லரைத் தடுத்திருக்கலாம் என்று சொல்லவரவில்லை. சமூக ஜனநாயகத் தலைமைக்கும் இதில் பெரும் பங்கு உண்டு, 1919இல் ரோசா லக்சம்பர்க் கொல்லப்பட்ட ரத்தம் நடுவில் கிடந்தது. ஆனால் ஒரே ஆலையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலைசெய்த இரண்டு தொழிலாளிகள் ஒருவரையொருவர் எதிரி என்று பார்க்கவேண்டிய வரையறையைத் திருத்த 1935 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் ஜெர்மன் கட்சி சிறையில் இருந்தது.

மாஸ்கோவை நம்பிப் போனவர்களின் கதியும் இதில் சேர்த்தி. ஹங்கேரியப் புரட்சியின் தலைவர் பெலா குன் 1938இல் கொல்லப்பட்டார். அதே ஆண்டு போலந்துக் கட்சியை அகிலமே கலைத்தது. நம்மவர்களில் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயாவும் அபனி முகர்ஜியும் 1937இல் கொல்லப்பட்டார்கள். இதைச் சொல்வது ஏகாதிபத்தியத்துக்குச் சேவகம் என்று இன்னமும் நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கொல்லப்பட்டவர்கள் அத்தனைபேரும் கம்யூனிஸ்டுகள் என்பதை அவர்களுக்கு நினைவூட்டவேண்டும்.

5

லெனினின் அந்தப் பேச்சை ஒரு கோட்பாட்டுப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டவர் சிறையில் இருந்த ஒருவர். அந்தோனியோ கிராம்ஷி 1922 நடுப்பகுதியிலிருந்து 1923 இறுதிவரை மாஸ்கோவில் இருந்தார். 1926 நவம்பரில் கைதானார். சிறைக் குறிப்பேடுகளில் இரண்டு இடங்களில் இதை நினைவுகூர்கிறார். ஆண்டை 1921 என்று எழுதுகிறார். தீர்மானத்தின் ஆண்டு அது, பேச்சு 1922. நம் மொழியை ஐரோப்பிய மொழிகளுக்கு 'மொழிபெயர்க்க' நமக்குத் தெரியவில்லை என்று லெனின் சொன்னதாக அவர் சாரம் தருகிறார். உண்மையில் மொழிபெயர்ப்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று லெனின் சொன்னார். கிராம்ஷி அச்சொல்லின் பொருளையே மாற்றிவிடுகிறார். தவறான நினைவு என்று சொல்லிவிடலாம். லெனின் சொல்லவந்ததை லெனினைவிடத் துல்லியமாகச் சொன்ன நினைவு என்று நான் வாசிக்கிறேன்.

கிராம்ஷி துரின் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தவர், மத்தேயோ பார்த்தோலியின் மாணவர். சார்தீனியாக்காரர், இத்தாலிக்குள்ளேயே மொழி வேறுபட்ட விளிம்பிலிருந்து வந்தவர். மையத்தின் மொழி விளிம்பின்மேல் எப்படி ஏறி உட்கார்கிறது என்பது அவருக்குப் பாடப்புத்தக விஷயம் மட்டும் அல்ல. கருத்தியல் மேலாண்மை என்ற அவரது கருத்தாக்கத்துக்குக்கூட மொழியியல் வேர் உண்டு என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடம் அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. முதல்நூல், வழிநூல் என்று நம் இலக்கண மரபு பிரிக்கிறது. தொல்காப்பிய மரபியல் வழிநூலை நான்கு வகையாகச் சொல்லி, அதில் மொழிபெயர்த்து நெறிப்பட யாப்பதையும் ஒன்றாக வைக்கிறது. மொழிபெயர்ப்பவன் படியெடுப்பவன் அல்ல, நூல் செய்பவன். நன்னூல் இன்னும் ஒருபடி மேலே போய், வழிநூலாசிரியன் முதல்நூலின் முடிவோடு ஒத்துப்போகவேண்டும், ஆனால் தான் வேண்டிய வேறுபாட்டையும் சொல்லவேண்டும் என்று இலக்கணம் வகுக்கிறது. நிலப்பிரபுத்துவ காலத்து இலக்கணக்காரர் பின்னால் வந்தவனுக்குத் தந்த இந்த உரிமையைக்கூட 1924க்குப் பிந்தைய அகிலம் தன் கிளைகளுக்குத் தரவில்லை.

6

இந்தியாவுக்கு வருவோம். 1920இல் இரண்டாவது மாநாட்டில் எம்.என்.ராய் காலனிப் பிரச்சினை பற்றி லெனினோடு வாதாடினார். ராயின் துணை ஆய்வுரையை லெனின் திருத்தினார். லெனினின் ஆய்வுரையில் 'முதலாளித்துவ ஜனநாயக' இயக்கம் என்று இருந்த இடங்கள் விவாதத்துக்குப் பின் பெரும்பாலும் 'தேசியப் புரட்சிகர' இயக்கம் என்று மாறின. இரண்டு ஆய்வுரைகளும் ஏற்கப்பட்டன. காலனியிலிருந்து வந்த ஒருவரின் சொல் மையத்தின் பிரதிக்குள் புகுந்து அதை மாற்றிய அபூர்வமான கணம் இது. 1929இல் அதே ராய் அகிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்.

1925 டிசம்பரில் கான்பூரில் சிங்காரவேலர் தலைமையில் மாநாடு கூடியது. அங்கே ஒரு சண்டை கட்சியின் பெயர் பற்றியது. கூட்டியவரான சத்யபக்தா 'இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி' என்றார், மாஸ்கோவோடு இணைப்பு வேண்டாம் என்றார். மற்றவர்கள் அகிலத்தின் வழக்கப்படி 'இந்தியாவின் கம்யூனிஸ்ட் கட்சி' என்பதே சரி என்றார்கள். சத்யபக்தா தோற்று விலகினார். தமிழில் இன்றைக்கு இரண்டையும் நாம் ஒரே மாதிரிதான் சொல்கிறோம் என்பது வேறு விஷயம். சத்யபக்தாவின் தேசியப் போர்வையை நான் ஆதரிக்கவில்லை. சர்வதேசியத்தை மறுத்துத்தான் சொந்தக் காலில் நிற்கமுடியும் என்று அவரும், சொந்தக் காலை மறந்துதான் சர்வதேசியவாதியாக முடியும் என்று மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததுதான் கவலைக்குரியது.

மொழிபெயர்க்கப்படாமல் போனது என்ன? பம்பாய்ப் பஞ்சாலைகளை எடுத்துக்கொள்வோம். ஆலைக்குள் கரு அமைக்கவேண்டும் என்கிறது பிரதி. ஆலைத் தொழிலாளி வர்க்கத்தால் ஒன்றுபட்டவன் என்பது அதன் அனுமானம். ஆனால் பம்பாய் ஆலைகளில் கூலி அதிகமான நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களை மற்ற தொழிலாளிகள் விடவில்லை. நூல் அறுந்தால் நாடாவில் வாயை வைத்து உறிஞ்சி நூலை இழுக்கவேண்டும்; அவன் எச்சில் பட்டதில் நாங்கள் எப்படி வாய் வைப்பது என்பது காரணம். 1928 வேலைநிறுத்தக் காலத்தில் அம்பேத்கர் இதை எழுப்பினார். இது எந்தத் தீர்மானத்தின் எந்தப் பத்தியில் வருகிறது? ருஷ்ய ஆலையில் இந்த எச்சில் பிரச்சினை இல்லை, ஆகவே கையேட்டில் இல்லை. கையேட்டில் இல்லாததால் முக்கியமில்லை. இது முதலாளி மூட்டிவிடும் பிளவு, புரட்சி வந்தால் சரியாகிவிடும் என்ற பதில் பிற்பாடு பலகாலம் ஓடியது. 1938 நவம்பர் 7 அன்று தொழில் தகராறு மசோதாவுக்கு எதிராக அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார்கள். அந்தத் தேதி ருஷ்யப் புரட்சியின் நாள். அது தொடராமல் போனது இந்த நாட்டு இடதுசாரி வரலாற்றின் பெரிய இழப்பு.

தமிழில் வேறொரு வகையான முயற்சியும் நடந்தது. 1931இல் குடிஅரசு இதழில் கம்யூனிஸ்ட் அறிக்கை தமிழில் வெளிவந்த காலத்தில் 'சமதர்மம்' என்ற சொல் புழங்கியது. வர்ணாசிரம தர்மம் என்று கேட்டுக் கேட்டுப் புளித்த காதில் 'தர்மம்' என்பதற்கு முன்னால் 'சம' என்று சேர்த்தவுடன் சோஷலிசம் என்ற சொல்லில் இல்லாத ஒரு எதிரி உள்ளே வந்துவிட்டான். சாதியைத் தொடாமல் அந்தச் சொல்லைச் சொல்லமுடியாது. அகராதிப்படி பார்த்தால் அது சரியான மொழிபெயர்ப்பு அல்ல என்று யாராவது சொல்லலாம். கிராம்ஷி சொன்ன அர்த்தத்தில் அதுதான் மொழிபெயர்ப்பு.

பின்னால் நடந்ததை இரண்டு காட்சிகளில் சொல்லிவிடலாம். 1951இல் ருஷ்யப் பாதையா சீனப் பாதையா என்று தீர்க்கமுடியாமல் இந்தியக் கட்சித் தலைவர்கள் மாஸ்கோவுக்கே போய் ஸ்டாலினைச் சந்தித்தார்கள். இரண்டும் இல்லை, இந்திய நிலைமைக்கேற்ற பாதை என்ற முடிவோடு திரும்பினார்கள். இந்தியாவுக்கு இந்தியப் பாதை என்று தெரிந்துகொள்ள மாஸ்கோ வரை போகவேண்டியிருந்தது! இரண்டாவது, 1970. 'சீனத்தின் தலைவர் எமது தலைவர்' என்று கல்கத்தா சுவர்களில் எழுதினார்கள் மார்க்சிய-லெனினியத் தோழர்கள். இதை முதலில் தவறு என்றவர்களில் சௌ என் லாயும் உண்டு. உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்த இளைஞர்கள் அவர்கள், பலர் கொடுத்தும்விட்டார்கள். அந்தத் தியாகத்தின் முன் நான் கேலி பேசவில்லை. இவ்வளவு தியாகமும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதும் துணிச்சலைத் தரவில்லையே என்றுதான் கேட்கிறேன்.

7

அப்படியானால் அகிலமே வேண்டாமா? மூலதனம் எந்த நாட்டுக் கூலி மலிவோ அங்கே ஒரே இரவில் பறக்கிற காலத்தில், திருப்பூரில் தைப்பவளும் டாக்காவில் தைப்பவளும் ஒரே கம்பெனிக்காக ஒருத்திக்கெதிராக ஒருத்தி நிறுத்தப்படுகிற காலத்தில், வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? அவர்களை இணைக்கிற அமைப்பு வேண்டும், அதன் முடிவுக்குக் கட்டுப்பாடும் வேண்டும். 1914 அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

ஆனால் இனி வருகிற எந்த அகிலத்தையும் - அது எந்தத் தலைவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் - நான் கேட்கிற கேள்விகள் எளிமையானவை. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை கூடிப் பேசுவீர்கள்? தீர்மானம் தப்பு என்று தெரிந்தால் அதைத் திருத்த எத்தனை ஆண்டு ஆகும்? தலைமையை விமர்சித்தவர் அடுத்த கூட்டத்துக்கு வருவாரா? கடைசியாக, டாக்காவிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ வந்த சொல் ஏதாவது ஒன்று உங்கள் மூலப் பிரதியை மாற்றியிருக்கிறதா? 1920இல் ஒருமுறை மாறியது. ஆகவே அது நடக்கக்கூடியதுதான்.

அந்த நவம்பர்ப் பேச்சின் முடிவில் லெனின் எல்லோருக்கும் ஒரே வேலையைத்தான் கொடுத்தார்: படியுங்கள் என்றார். வெளிநாட்டுத் தோழர்கள் ருஷ்ய அனுபவத்தின் ஒரு பகுதியைச் செரித்துக்கொள்ளப் படிக்கவேண்டும், ருஷ்யர்களான நாங்கள் அடிப்படையிலிருந்தே படிக்கவேண்டும் என்றார். முதல் பாதியை எல்லாக் கட்சிகளும் வகுப்பு நடத்தி நிறைவேற்றின. இரண்டாம் பாதியை மாஸ்கோ நிறைவேற்றவில்லை, பிறகு மையமாக விரும்பிய பீகிங்கும் நிறைவேற்றவில்லை. நம் மாநிலக் குழுக்களும் வட்டக் குழுக்களும் இதில் என்ன யோக்கியதையில் இருக்கின்றன என்பதை அதில் வேலைசெய்கிற தோழர்கள்தான் சொல்லவேண்டும்.